ஃபிளாப்பி டிரைவைக் கையால் இயக்க எது சரி: வெறும் பட்டனா, லாட்ச்சா, ஆர்டுயினோவா?

பழைய 3.5 அங்குல ஃபிளாப்பி டிரைவின் ஹெட்டை (வட்டைப் படிக்கும் முனை) ஒவ்வொரு டிராக்காக (வட்டில் தரவு பதியும் வளையம்) நகர்த்திப் பார்க்க மூன்று வழிகள் உண்டு. வெறும் புஷ் பட்டன், 74LS00 ஐசி வைத்த லாட்ச் (கடைசி நிலையைப் பிடித்து வைத்திருக்கும் சர்க்யூட்), ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி இயக்கும் சிறு போர்டு). நான் லாட்ச் பக்கம்தான்.

அடிப்படை வயரிங் மூன்றுக்கும் ஒன்றே. 5 வோல்ட் சப்ளை கொடுத்து, சிக்னல் பின்னை கிரவுண்டில் தொட்டால் அந்த வேலை நடக்கும். பிசி டிரைவ்களில் பெரும்பாலும் 12ஆம் பின் செலக்ட் (எந்த டிரைவ் என்று தேர்ந்தெடுக்க), 16 மோட்டார், 18 ஹெட் நகரும் திசை. இவற்றுக்குச் சாதாரண டாகிள் ஸ்விட்ச் போதும். எழுதுவதற்கான 24ஆம் பின் பக்கம் போகவே வேண்டாம்.

சிக்கல் எல்லாம் 20ஆம் பின்னில், அதாவது ஸ்டெப்பில். ஒரு பல்ஸுக்கு ஒரு டிராக். ஆனால் பட்டனை அழுத்தும்போதும் விடும்போதும் உள்ளே இருக்கும் தகடு சில மில்லி செகண்ட் துள்ளும். டிரைவ் அந்தத் துள்ளலையும் பல்ஸாக எடுத்துக்கொள்ளும். ஒரு அழுத்தலுக்கு ஒரு டிராக்கும் போகலாம், மூன்றும் போகலாம். ஹெட் அசைவதை மட்டும் பார்த்தால் போதும் என்றால் சரி, வெறும் பட்டனே போதும். எந்த டிராக்கில் நிற்கிறோம் என்று தெரிய வேண்டுமென்றால் அது உதவாது.

லாட்ச்சுக்கு மூன்று கால் பட்டன் வேண்டும். நடுக்கால் கிரவுண்டுக்கு. மற்ற இரண்டும், ஆளுக்கொரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 5 வோல்ட்டுக்கும், 74LS00-க்குள் இருக்கும், ஒன்றின் வெளியீட்டை மற்றதன் உள்ளீட்டில் குறுக்காக இணைத்த இரண்டு நாண்ட் கேட்டுகளுக்கும். ஒரு கேட்டின் வெளியீடு 20ஆம் பின்னுக்கு. முதல் தொடுதலிலேயே லாட்ச் மாறிவிடும். பிறகு தகடு எவ்வளவு துள்ளினாலும், எதிர்க்காலைத் தொடும்வரை அது அசையாது.

இதைச் சோதிக்க 26ஆம் பின்னில், 5 வோல்ட்டிலிருந்து ரெசிஸ்டர் வழியாக ஒரு எல்இடி போடுங்கள். டிரைவ் செலக்ட் ஆகியிருக்கும்போது, ஹெட் பூஜ்யம் டிராக்கில் இருந்தால் அது எரியும். அங்கிருந்து உள்ளே பத்து முறை அழுத்தி, திசையை மாற்றி வெளியே பத்து முறை அழுத்துங்கள். லாட்ச் சரியாக இருந்தால் பத்தாவது அழுத்தலில்தான் விளக்கு எரியும். வெறும் பட்டனில் இந்தக் கணக்கு நிற்காது.

ஆர்டுயினோ வேகமாக ஓட்டவும் பாட்டு வாசிக்கவும் அருமை. ஆனால் பட்டன் வைத்தால் அங்கேயும் துள்ளலைத் தடுக்கத் தனியாகப் புரோகிராம் எழுதியாக வேண்டும்.

5.25 அங்குல டிரைவில் நான் இதைச் செய்ததில்லை. அவற்றில் 150 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் பின்னை 5 வோல்ட்டோடு இணைக்கும் ரெசிஸ்டர்) இருந்தால், பின்னை கிரவுண்டுக்குக் கொண்டுவர சுமார் 33 மில்லி ஆம்பியர் இழுக்க வேண்டும். 74LS00 அதைத் தாங்காது, அதிகக் கரண்டை கிரவுண்டுக்கு இழுக்கக்கூடிய, 7438 போன்ற ஓப்பன் கலெக்டர் ஐசியை நடுவில் வையுங்கள்.