ஆண்மை லேகியமும் மாலை நேரத்து ரத்தமும்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியரைக் குறிவைத்து ஒரு மூலிகைக் கடை நடக்கிறது. பெயர் சொல்லப்போவதில்லை. அங்கே நடக்கும் வேலையை மட்டும் சொல்கிறேன்.

கடைக்காரர் சித்தர் பாட்டு எதுவும் பாடமாட்டார். "என்னை நம்ப வேண்டாம் தம்பி, ரத்தப் பரிசோதனையை நம்புங்கள்" என்பார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில்கூட இப்படி ஒரு தூண்டிலைப் பார்த்ததில்லை.

நான் போனது வேலை முடிந்த மாலையில். டீயும் பஜ்ஜியும் உள்ளே போயிருந்தன. கடையிலேயே ஒரு பையன் ரத்தம் எடுத்தான். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 310 என்று வந்தது. "300க்குக் கீழே போனால் குறைபாடு. நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள்" என்று சொல்லி, நெருஞ்சில், அமுக்கரா, பூனைக்காலி சேர்த்த லேகியத்தை ஒரு மண்டலத்துக்குக் கொடுத்தார். விலை 9,000 ரூபாய். மண்டலம் முடிந்ததும், "காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்றார். இந்த முறை 405. கடையில் இருந்த எல்லோருக்கும் அந்தச் சீட்டைக் காட்டினார்.

இரண்டு சீட்டுமே உண்மையானவை. பொய் கடிகாரத்தில் இருந்தது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும்; முப்பதுகளில் இருக்கும் ஆணுக்கு மாலைக்குள் ஐந்தில் ஒரு பங்கோ கால் பங்கோ இறங்கிவிடும். சாப்பிட்டாலும் குறையும். அதனால்தான் காலை 7 முதல் 10 மணிக்குள் வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்கிறார்கள்; குறைவாக வந்தால் இன்னொரு நாளும் எடுத்து உறுதி செய்வார்கள். அரசு மருத்துவமனை மருத்துவர் என் சீட்டுகளில் முதலில் பார்த்தது எண்ணை அல்ல, மூலையில் அச்சாகியிருந்த நேரத்தை.

அவர் கேட்ட அடுத்த கேள்வி, "விந்துப் பரிசோதனை எங்கே?" கடையில் அந்தப் பேச்சே எழவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். 48 நாள் மண்டலத்தில் ஒரு சுற்றுகூட முடியாது.

நெருஞ்சிலை நான் திட்டவில்லை. என் பாட்டி நீர்க்கடுப்புக்கு அதைத்தான் காய்ச்சுவார். ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் அது டெஸ்டோஸ்டிரோனை உயர்த்தவில்லை. அமுக்கராவுக்குச் சில சிறிய ஆய்வுகளில் ஓரளவு ஏற்றம் தெரிந்திருக்கிறது. அதே அமுக்கரா தைராய்டு ஹார்மோனையும் கூட்டக்கூடியது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சித்த மருந்துப் புட்டியில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். என் புட்டியில் பாயும் குதிரை மட்டும் இருந்தது. ஆண்மையைக் கூட்டும் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அவர்களுடைய நோட்டீஸோ பஸ் நிறுத்தம் தவறாமல் ஒட்டியிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "இன்னொரு மண்டலம் சாப்பிடுங்கள் தம்பி, சாயங்காலமும் ஏறிவிடும்" என்றார். புட்டியின் படம், இரண்டு சீட்டு, நோட்டீஸ் ஆகியவற்றுடன் சித்த மருந்து உரிம அதிகாரிக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். அங்கே வாங்கியவர்கள் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரத்தம் எடுத்த நேரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.