ஒரே நாளில் நாலு பேருக்கும் ‘தண்ணி கம்மி’

நான் அட்மிட் ஆன சனிக்கிழமை, அந்தப் பிரசவ வார்டில் என்னோடு சேர்த்து நாலு பேர் இருந்தோம். நாலு பேருக்கும் வயிற்றில் தண்ணி கம்மியாம். கோடையில் வைகை வற்றுகிற மாதிரி நாலு வயிறும் ஒரே நாளில் வற்றிப்போனதா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பக்கத்துக் கட்டில் அக்காவிடம் சொல்லிச் சிரித்ததோடு விட்டுவிட்டேன். மத்தியானம் வலி வாங்கி வாங்கி அடித்தபோது சிரிக்கத் தெம்பில்லை.

ஊர்ப் பெயரும் ஆஸ்பத்திரிப் பெயரும் எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும். மதுரையிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிற, வாசலில் பிள்ளையாரும் உள்ளே ஏசியும் வைத்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி என்பது போதும். நார்மல் என்றால் 35,000, சிசேரியன் என்றால் 75,000, ‘எல்லாம் சேர்த்து பேக்கேஜ்’ என்றார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் வளைகாப்பு முடிந்து அம்மா என்னை அழைத்து வந்ததும் அங்கேதான் காட்டினோம்.

36-வது வாரத்தில் கால் வீங்கியது. கொலுசு ஏறவில்லை. ‘பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்காம என்ன செய்யும்’ என்று அம்மா பார்லித் தண்ணி வைத்துக் கொடுத்தார். ஆனால் ஒரு நாள் காலையில் எழுந்தால் முகமே உப்பி, கல்யாண மோதிரம் விரலில் இறுகிக் கிடந்தது. சோப்புப் போட்டுக் கழற்றினோம். ஒரே வாரத்தில் இரண்டரைக் கிலோ ஏறியிருந்தேன். அன்று செக்கப்பில் பி.பி. 144/94. மாசமாக இருப்பது தெரிந்த புதிதில் கிராம சுகாதார செவிலியர் அக்கா அட்டையில் எழுதியது 110/70. இரண்டு எண்ணும் என் கையிலேயே இருந்தன. டாக்டரம்மா பார்த்துவிட்டு, ‘டென்ஷன் ஆகாதம்மா, உப்பைக் குறை’ என்றார். சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை. பிற்பாடு என்னைக் கொண்டுபோன மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள்: 20 வாரத்துக்கு மேல் பி.பி. 140/90-ஐத் தொட்டாலே, நாலு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், சிறுநீரைச் சோதிக்க வேண்டும். ஆல்புமினும் இருந்தால் அதுதான் ப்ரீஎக்லாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரும். எங்கள் அப்பத்தா காலத்தில் ‘ஜன்னி கண்டு செத்தாள்’ என்று சொல்வார்களே, அதில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

என் பங்குக்கு நானும் ஒரு தப்பு செய்தேன். செவிலியர் அக்கா போன் பண்ணி, ‘பி.பி.யைப் பார்த்தியா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ’ என்றார். பணம் கட்டிப் பார்க்கிற இடத்தில் கவனிக்காததையா இவர் கவனிக்கப் போகிறார் என்று நினைத்துப் போகவில்லை. கர்ப்பத்தைப் பதிந்து அரசாங்கம் தருகிற பிக்மி நம்பருக்காக மட்டும்தான் அவர் தேவைப்பட்டார் எனக்கு. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

38 வாரம் ஆன வெள்ளிக்கிழமை ஸ்கேன். ‘தண்ணி குறைஞ்சிருக்கு, நாளைக்கே வலி வரவெச்சுப் பிள்ளையை எடுத்துடலாம், லேட் பண்ணா நான் பொறுப்பில்ல’ என்றார் டாக்டரம்மா. இந்தக் கடைசி வாக்கியத்துக்கு அப்புறம் எந்த வீட்டில் கேள்வி கேட்பார்கள்? அந்த ஸ்கேன் ரிப்போர்ட் இப்போது என் எதிரில் இருக்கிறது. ஏ.எஃப்.ஐ. 8.6 என்று போட்டிருக்கிறது. பனிக்குட நீரின் அளவு அது. 5-க்குக் கீழே போனால்தான் குறைவு என்பார்கள். ரிப்போர்ட்டின் அடியில் ‘நீர் அளவு இயல்பு’ என்று அச்சிலேயே இருக்கிறது. நான் படித்த பெண். குழந்தையின் எடை எவ்வளவு என்று பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

அவசரம் எதற்கு என்பது வார்டில் ஒரு நர்ஸ் வாய் தவறிச் சொன்னதில் தெரிந்தது. ‘மேடம் நாளைக்கு ஊர்ல இல்ல, அதான் எல்லாருக்கும் இன்னிக்கே.’

காலை ஆறு மணிக்கு எனிமா. ஏழு மணிக்கு ஜெல். கர்ப்பப்பை வாய் இளகுவதற்காக உள்ளே வைக்கிற மருந்து அது. வைத்தபின் ஆறு மணி நேரமாவது பொறுத்துத்தான் வலி வரவைக்கிற ஆக்சிடோசின் டிரிப்ஸ் போட வேண்டும். எனக்கு ஒன்பது மணிக்கே போட்டார்கள். மெஷின் கிடையாது. குழாயில் இருக்கிற சின்னச் சக்கரத்தை உருட்டித்தான் வேகம் வைத்தார்கள். அதையும் நர்ஸ் வைக்கவில்லை, ஆயாம்மா போகிற வருகிற போக்கில் உருட்டிவிட்டுப் போனார். பத்து நிமிஷத்துக்கு ஏழு தடவை வலி வந்தது. ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது. அஞ்சுக்கு மேல் வந்தால் குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறையும், டிரிப்ஸை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ‘பிரசவ வலின்னா அப்படித்தாம்மா இருக்கும், கத்தாத’ என்றார்கள்.

கையெழுத்து விஷயம். கீழே கவுன்ட்டரில் என் கணவரிடம் நாலு தாள் நீட்டியிருக்கிறார்கள். மேலே எதுவும் நிரப்பாத தாள்கள். ‘ஃபார்மாலிட்டி சார்.’ அவரும் போட்டுவிட்டார். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நினைவோடு இருக்கிற, வயது வந்த நோயாளியின் சம்மதத்தை அவரிடமேதான் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டதாக வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது.

ஒரு மணி வாக்கில் வலது விலாவுக்குக் கீழே யாரோ கட்டையை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி. பிரசவ வலி வந்து போகும், இது போகவே இல்லை. தலையும் பிளந்தது. சொன்னேன். ‘கேஸ் டிரபிள்’ என்று ரோஸ் கலர் மருந்து ஒரு மூடி கொடுத்தார்கள். பில்லில் அதற்கும் ஒரு பாட்டில் விலை போட்டிருக்கிறது! இரண்டு மணிக்குக் கண்ணுக்குள் மத்தாப்புப் பொறி மாதிரி பறக்க ஆரம்பித்தது. டியூப்லைட் இரண்டாகத் தெரிந்தது. அம்மாவை உள்ளே விடவே இல்லை. நான் கத்திய கத்தலில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

என்னைக் காப்பாற்றியது ஒரு டிரெய்னிங் நர்ஸ். இருபது வயது இருக்கும். யாரும் சொல்லாமல் அவளாகவே பி.பி. பட்டையைக் கட்டினாள். ஒரு தடவை பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள், அப்புறம் ஓடினாள். 172/114. காலையிலிருந்து அதுதான் முதல் தடவை. அந்தப் பிள்ளை வேலையில் இருக்கிறாளா, நான் சொன்னதால் அவளுக்கு ஏதும் தொந்தரவு வந்ததா தெரியவில்லை.

டாக்டரம்மா போனிலேயே சொல்லிவிட்டார்: ‘இங்க ஐ.சி.யு. இல்ல, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லு.’ நான் ஸ்ட்ரெச்சரில் கிடக்க, கீழே என் கணவரை நிறுத்திவைத்து 58,400-க்குப் பில். பிள்ளையே பிறக்கவில்லை, பேக்கேஜ் 35,000 எப்படி 58,400 ஆனது என்று கேட்டதற்கு, ‘காம்ப்ளிகேஷன் பேக்கேஜ்ல வராது சார்.’ கார்டில் 40,000 தேய்த்து, மீதிக்கு அம்மா வளையலைக் கழற்றப்போன பிறகுதான் விட்டார்கள்.

108 வந்தபோது மணி மூன்று இருபது. வண்டியில் இருந்த தம்பி முதலில் செய்த காரியம், இன்னும் ஓடிக்கொண்டிருந்த வலி டிரிப்ஸை நிறுத்தியது. ‘இதை யாரு இப்படியே அனுப்புனது?’ என்று மட்டும் கேட்டார். கையில் கொடுத்திருந்த சீட்டில் ‘வலி முன்னேறவில்லை, மேல்சிகிச்சைக்கு’ என்று ஒரே வரி. பி.பி. பற்றி ஒரு எழுத்து கிடையாது.

பெரியாஸ்பத்திரியில் எங்களிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை, பெயர்கூட அப்புறம்தான் எழுதினார்கள். நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். வலிப்பு வராமல் தடுக்கிற மெக்னீசியம் சல்பேட் 4 கிராம் நரம்பில் மெல்ல மெல்ல, அப்புறம் பின்பக்கம் இரண்டு பக்கமும் அஞ்சஞ்சு கிராம். உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துத் தேய்த்த மாதிரி எரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போட்டார், அங்கே மேற்படிப்புப் படிக்கிற ஒரு பி.ஜி. டாக்டர். எரிந்தது. ஆனாலும் சொல்லிவிட்டுச் செய்தார் பாருங்கள், அன்றைக்கு என்னிடம் அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான். ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் முழங்காலைத் தட்டிப் பார்த்தார்கள், மூச்சை எண்ணினார்கள், பையில் சேர்ந்த சிறுநீரை அளந்தார்கள். மருந்து அதிகமானால் மூச்சு அடங்கிவிடுமாம். சிறுநீரில் ஆல்புமின் மூன்று பிளஸ், அதாவது நிறைய. ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் இறங்கியிருந்தது.

இரவு 9.50-க்கு நார்மலாகவே பிறந்தாள். 2 கிலோ 350. கத்தினாள். எனக்கு மறுநாள் இரவுவரை அந்த ஊசி தொடர்ந்தது.

வலி வரவைத்ததே தப்பா என்று அந்த பி.ஜி. டாக்டரிடம் கேட்டேன். இல்லை என்றார். இது எனக்கு ஆச்சரியம். ‘உங்க பி.பி.க்கு 37 வாரத்துலயே வலி வரவெச்சிருக்கணும்மா. ஜெல்லும் தப்பில்ல, டிரிப்ஸும் தப்பில்ல. எதுக்குப் போடுறோம்னு தெரிஞ்சு, பக்கத்துல இருந்து பார்த்துப் போடணும்.’ அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் வலி ஊசியே வேண்டாம் என்று அடம்பிடிக்காதீர்கள். இல்லாத காரணத்துக்கு அவசரப்பட்டார்கள், இருந்த காரணத்தைப் பார்க்கவே இல்லை. என் ஆத்திரம் அதில்தான். இன்னொன்றையும் அவர் சொன்னார்: பிள்ளை பிறந்துவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று இருந்துவிடக் கூடாது, பிரசவத்துக்கு அப்புறம் ஆறு வாரம்வரைகூட இந்த பி.பி. ஏறி வலிப்பு வரலாம். வீட்டில் பி.பி. மெஷின் வாங்கி, அம்மா தினமும் இரண்டு வேளை பார்த்துக் காலண்டரில் எழுதினார்.

பதினைந்தாம் நாள் என் கணவர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் என் கேஸ் ஷீட், அதாவது சிகிச்சைக் குறிப்புகளின் நகல் கேட்டார். ‘அதெல்லாம் குடுக்க மாட்டோம்.’ எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகளில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம். ஒன்பதாம் நாள் வந்தது. நீங்களும் வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் பில்லையும் கேஸ் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தையின் இதயத் துடிப்பு பார்க்கிற சி.டி.ஜி. ஆறு தடவை என்று எங்கள் பில்லில் இருந்தது. ஃபைலில் இருந்த தாள் இரண்டு. முதுகில் போடுகிற வலி மரப்பு ஊசிக்கு 6,000 போட்டிருந்தார்கள். அப்படி ஒரு ஊசி இருப்பதே அந்தப் பில்லைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு மனு கொடுத்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் போடுகிறோம். நாம் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, ‘பில்லுல பாதி திருப்பித் தர்றோம், பெருசு பண்ணாதீங்க’ என்று காபி குடித்துவிட்டுப் போனார். அம்மா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, ‘நாளைக்கு வக்கீலைப் பாக்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ’ என்றார்.

வக்கீல் கேஸ் ஷீட்டில் இருந்த பி.பி. சார்ட்டைத்தான் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிக்கொரு தடவை, ஒரே பேனா, ஒரே கையெழுத்து: 120/80, 120/80, 120/80. அந்த டிரெய்னிங் பிள்ளை எடுத்த 172/114 எங்கேயும் இல்லை. கடைசி வரி நாலு மணிக்கு எழுதியது. அந்த நேரம் நான் 108-ல், மதுரைக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். சார்ட்டில் இருப்பது: 120/80, நோயாளி நலம்.