மூடிய கண்ணாடிக் குளோபுக்கு எந்த பல்பு? எங்கள் வீட்டு அனுபவம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வராந்தா மச்சில் ஒரு பால் வெள்ளைக் கண்ணாடிக் குளோப் இருக்கிறது. தாத்தா காலத்தில் மாட்டியது. காலங்காலமாக அதில் எரிந்தது 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி.க்கு மாறிய பிறகுதான் ரோதனை ஆரம்பித்தது. முதலில் போட்ட 12 வாட் பல்பு ஒரு கத்திரி வெயிலைத் தாண்டவில்லை. கடைக்கார அண்ணாச்சி முகம் கோணாமல் வாரண்டியில் மாற்றித் தந்தார். அதற்கும் அதே கதிதான்.

பல்பைக் குறை சொல்லிப் பயனில்லை. குண்டு பல்பின் இழைக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை. எல்.இ.டி.யில் கழுத்துப் பகுதிக்குள் சின்ன சர்க்யூட் இருக்கிறது. அதிலுள்ள கெப்பாசிட்டர் சூட்டில்தான் சீக்கிரம் சாகும். மூடிய குளோபுக்குள் காற்றோட்டம் கிடையாது. நம்மூர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். சில பெட்டிகளில் மூடிய விளக்குக்குப் போடக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டே இருக்கிறார்கள்.

இப்போது எரிவது 7 வாட் எல்.இ.டி. வாட் குறைந்தால் சூடும் குறையும். வெளிச்சத்துக்கு வாட்டைப் பார்க்காமல், வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமென்ஸைப் பாருங்கள். பழைய 60 வாட் தந்தது சுமார் 700 லூமென்ஸ். நல்ல 7 வாட் எல்.இ.டி.யும் ஏறக்குறைய அதைத் தந்துவிடும். இது போட்டபின் கோடையும் போனது, ஐப்பசி மழையும் போனது, மாற்ற வேண்டி வரவில்லை. 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் என்பதால் ஈசல் கூட்டமும் குறைவுதான். ஆச்சிக்கு மட்டும் பளீர் வெள்ளை இல்லையே என்று குறை.

பல்பை விட ஹோல்டர் முக்கியம் என்பேன். ஒயர்மேன் கழற்றிக் காட்டியபோது அதன் பேக்லைட் (கெட்டி பிளாஸ்டிக்) விளிம்பு கருகி, விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. உள்ளே இரண்டு பின்னில் ஒன்று அமுங்கியபடியே நின்றது, ஸ்பிரிங் போயாச்சு. இப்படித் தொடுப்பு தளர்ந்தால் பொறி பறந்து சூடேறும், தீப்பிடிக்கவும் வழியுண்டு. பீங்கான் ஹோல்டர் போட்டுவிட்டோம்.

பழைய வீடுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுங்கினால், சுவிட்சில் இண்டிகேட்டர் என்ற குட்டி விளக்கு இருக்கலாம். இல்லாவிட்டால் சுவிட்சை, கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரில் வைக்காமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் வைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டாவதுதான். அப்படியிருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். இணைப்பை மாற்றிக் கொடுக்கும் வரை, பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுமுன் மெயினையே அணைத்துக்கொண்டிருந்தோம்.