1,845 பக்கங்களில் ஒரு குடும்பம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து லிபர்ட்டி கவுண்டியில் மூன்று தோட்டங்களுக்கு உரிமையாளர்களாக இருந்த ஜோன்ஸ் குடும்பத்தார், 1854 முதல் 1868 வரை ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களின் தொகுப்பே 'தி சில்ட்ரன் ஆஃப் பிரைடு'. ராபர்ட் மேன்சன் மையர்ஸ் தொகுத்த இந்நூலை யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1972இல் வெளியிட்டது. மடியில் வைத்துப் படிக்க முடியாத கனம்; மேசையில் விரித்துவைத்து, மாதக்கணக்கில்தான் படித்தேன்.

தந்தை பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் போதகர். அடிமைகளுக்குச் சமய போதனை செய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். அதேசமயம் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். மூத்த மகன் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ், பிரின்ஸ்டனிலும் ஹார்வர்டு சட்டப் பள்ளியிலும் பயின்று, சவானா நகரில் வழக்கறிஞராகி, 1860இல் அந்நகரின் மேயரானவர். அவருக்கும் பெற்றோருக்கும் இடையிலான கடிதங்களில்தான் இந்நூலின் உயிர் இருக்கிறது.

1861 ஜூலையில் சார்லஸின் சிறு மகளும், பிரசவித்துச் சில நாள்களே ஆகியிருந்த மனைவி ரூத்தும் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்துபோகிறார்கள். பிறந்த குழந்தையைப் பாட்டி மேரி ஜோன்ஸ் எடுத்து வளர்க்கிறார். அந்த மாதத்துக் கடிதங்களை நான் ஒரே அமர்வில் படிக்கவில்லை, படிக்க இயலவில்லை. மகனின் துயரத்தைத் தாய் தாங்கிப் பிடிக்கும் விதம் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

ஆனால் அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1856இல், ஜேன் என்ற அடிமைப் பெண் தப்பியோடிச் சவானாவில் பிடிபட்டபோது, அவளையும் பெற்றோர் உள்ளிட்ட குடும்பத்தாரையும் விற்றுவிட முடிவெடுத்ததும் இதே பேனாக்கள்தாம். விற்பனையை நடத்தித் தந்தவர் வழக்கறிஞர் மகன். குடும்பத்தைப் பிரிக்கக்கூடாது என்று தந்தை நிபந்தனை வைக்கிறார். வாங்கியவனோ வாக்கை மீறி, அவர்களை நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குக் கொண்டுபோகிறான். அவன் ஏமாற்றியது போதகரைப் புண்படுத்துகிறது. மனிதரை விற்றது புண்படுத்தவில்லை. இந்த இடத்தில் நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 டிசம்பரில் வடக்குப் படைத் தளபதி ஷெர்மனின் படையினர் ஜோன்ஸ் குடும்பத்தின் மாண்டிவிடியோ தோட்டத்து வீட்டில் புகுந்து சூறையாடிய நாள்களும், அடுத்த மாதம் அந்த நெருக்கடிக்கு நடுவிலேயே மேரி ஜோன்ஸின் மகளுக்குப் பிரசவமானதும் நூலின் மிக விறுவிறுப்பான பகுதி. போருக்குப் பின் சார்லஸ் வழக்கறிஞர் தொழிலுக்காக நியூயார்க் சென்றதைத் தொடரும் கடிதங்களில் அந்த வேகம் இல்லை.

மையர்ஸின் உழைப்பு வியப்பூட்டுகிறது. கடிதங்களில் வந்துபோகும் உறவினர், அண்டை வீட்டார், போதகர்கள் ஆகியோரைப் பற்றிப் பின்னிணைப்பில் அவர் தரும் வாழ்க்கைக் குறிப்புகளே தனி நூலாகும் அளவுடையவை. ஆனாலும் அடிமைகளை நாம் பெரும்பாலும் உரிமையாளர்களின் எழுத்து வழியாகவே அறிகிறோம். இது நான் மிகவும் உணர்ந்த குறை.

1984இல் சுருக்கப் பதிப்பும் வந்தது. வாங்குவோர் முழுப் பதிப்பையே தேடி வாங்கவேண்டும் என்பது என் பரிந்துரை. காய்ச்சல், பயிர், மழை என்று நீளும் சாதாரண நாள்களின் கடிதங்களைக் கடந்து வந்தால்தான், அந்த விற்பனை பற்றிய கடிதமும் அதே அமைதியான குரலில் எழுதப்பட்டிருப்பது காதில் விழும்.