மூன்று வருஷம் ஆடிய மயில்

தம்பி மகனுக்கு மயிலாட்ட உடுப்பு தைத்துக் கொடுத்து இந்தப் பங்குனியோடு மூன்று வருஷம் ஆகிறது. கோவில் திருவிழா மூன்று, தமிழ் வகுப்பு ஆண்டு விழா இரண்டு, அந்த வீட்டு விசேஷம் இந்த வீட்டு விசேஷம் என்று நான்கு. ஆக ஒன்பது தடவை ஆடிவிட்டான். ஒன்பது தடவையும் ரங்கூன் வெயிலில், தொப்பலாக நனைந்து. தைத்த புதிதில் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள், நானும்தான் எடுத்தேன். ஆனால் வீட்டில் சாயம் போட்ட துணியைப் பற்றி அன்றைக்கே பெருமை பேசுவது, தாலி கட்டின அன்றைக்கே மாப்பிள்ளைக்கு நற்சான்று கொடுக்கிற மாதிரி. இப்போது பேசலாம்.

நான் தையல்காரி. அனோரதா சாலைக் காளியம்மன் கோவிலுக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் வீடு. ரவிக்கை, பாவாடை, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, பச்சை லோஞ்சி (பர்மாக் கைலி), இதுதான் பிழைப்பு. துணி வெட்டத் தெரியும், சாயம் போடுவதில் அனா ஆவன்னா தெரியாது. அப்படியிருந்தும் இறங்கியதற்குக் காரணம், மயில் நிறத்தில் கடையில் கிடைப்பதெல்லாம் பளபள சாட்டின். அதைப் போட்டுக்கொண்டு பங்குனி வெயிலில் ஒரு மணி நேரம் ஆடினால் பிள்ளை வெந்துபோவான். பருத்தியில் அந்த நிறம் அகப்படவில்லை. வெள்ளைப் பருத்தி வேண்டிய மட்டும் இருக்கிறது.

நிறத்திலேயே முதல் சண்டை. மயில் என்றால் கழுத்து நீலம் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. முருகன் படத்தில் பார்த்துப் பழகிய மயில் அதுதானே. பையன் குறுக்கே விழுந்தான். “அத்தை, நம்ம ஊர் மயிலுக்குக் கழுத்து பச்சை.”

அவன் சொன்னது சரி. இந்திய மயிலுக்குத்தான் நீலக் கழுத்தும் விசிறிக் கொண்டையும். பர்மாவில் இருப்பது பச்சை மயில். கழுத்திலும் மார்பிலும் செதில் செதிலாகப் பச்சை, கொண்டை ஈட்டி மாதிரி நட்டுக்குத்தலாக நிற்கும். காட்டில் இப்போது அருகிவிட்ட இனம். மிண்டோன் ராஜா காலத்து வெள்ளிக் காசில் தோகை விரித்து நிற்பதும் மயில்தான். அம்மாவிடம் தீர்ப்புக்குப் போனோம். “ஏறி உட்கார்றவரே சும்மா இருக்கார், உனக்கென்னடி?” என்றுவிட்டார். பச்சை என்று முடிவாயிற்று.

சாயம் சென்னையிலிருந்து வந்தது. அங்கே கோல்ட் பிராண்டு என்கிறார்கள், தங்கம் இல்லை, குளிர்ச்சி என்கிற கோல்ட். கொதிக்க வைக்காமல் பச்சைத் தண்ணீரிலேயே பிடிக்கும் ரகம். 1956இல் இங்கிலாந்தில் இந்த வகைச் சாயம் சந்தைக்கு வந்ததாம். மற்ற சாயங்கள் பலவும் நூலில் ஒட்டிக்கொண்டு நிற்பதோடு சரி. இது பருத்தி நாரோடு ரசாயனமாகவே பிணைந்துவிடும், அதனால்தான் சட்டென்று போகாது. ஆனால் வந்த பையில் மயில் நீலம் மட்டும்தான் இருந்தது. மஞ்சள் டப்பாவை மறந்துவிட்டார்கள். “மஞ்சளுக்கா பஞ்சம், அடுக்களையில் இருக்கே” என்றார் அம்மா. அந்தப் பேச்சைக் கேட்டதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

கணக்கு இதுதான். நாலு கெஜம் பாப்ளின், எடை 600 கிராம். சாயம் அதில் நூற்றுக்கு நாலு, அதாவது 24 கிராம். தண்ணீர் துணி எடையைப் போல இருபது மடங்கு, 12 லிட்டர். கல்லுப்பு 700 கிராம். சோடா 180 கிராம். உப்பு சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிப் பக்கம் தள்ளும், சோடா துணியோடு கட்டிப்போடும். இரண்டும் இரண்டு வேலை. சோடா என்றால் சலவைச் சோடா. நான் முதலில் போட்டது ஆப்பச் சோடா! வெள்ளையாக இருந்தது, சோடா என்று எழுதியிருந்தது, போட்டேன். அலசும்போது நீலம் முழுக்க சாக்கடையில் ஓடியது, துணியில் மிஞ்சியது வானம் வெளுத்த மாதிரி ஒரு சாயல். ஆப்பச் சோடாவுக்கு அந்தக் காரம் கிடையாது.

அதைவிட முக்கியமாக ஒன்று. புதுத் துணியில் கஞ்சி இருக்கும். சோப்பும் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவும் போட்டுக் கொதிநீரில் ஊறவைத்துக் கசக்கிய பிறகுதான் தொட்டியில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி இருக்கிற இடத்தில் சாயம் ஏறாது, தேமல் விழும். காயத்துக்குப் போடுகிற அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். துணி கருநீலமாகிவிட்டால் கஞ்சி இன்னும் போகவில்லை. இந்தக் கொதிநீர்க் குளியலில் துணி சுருங்க வேண்டியது சுருங்கியும் விடும். 40 அங்குலத்தில் ஒன்றரை அங்குலம் போயிற்று எனக்கு. தைத்த பிறகு போயிருந்தால் பையன் மூச்சுவிட முடியாது.

இரண்டாவது முறை ஆனி மழையில் உட்கார்ந்தேன். கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தேன். ஆழ்குழாய்த் தண்ணீரில் இரும்பு இருக்கும், நிறம் மங்கும். மழைத் தண்ணீர் சாயத்துக்கு அமிர்தம். சாயத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கூழாகக் குழைத்துக் கரைத்து, உப்பைப் போட்டு, ஈரத் துணியை இறக்கி அரை மணி கிண்டினேன். பிறகு துணியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கரைத்த சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். மற்ற நிறங்களுக்கு ஒரு மணி நேரம் போதும். மயில் நீலம் சோம்பேறி. அதற்குச் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும். கரி அடுப்பு ஓரத்தில் தொட்டியை வைத்து, கரண்ட் போன இருட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாலு மணி நேரம் துழாவிக்கொண்டிருந்தேன். மிச்சத் தண்ணீரை நாளைக்கு என்று எடுத்து வைத்துப் பிரயோசனமில்லை. சோடா விழுந்த சாயம் சில மணி நேரத்தில் செத்துவிடும்.

பொடியை அளக்கும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். காற்றில் பறக்கும், சுவாசத்துக்குள் போனால் சிலருக்கு மூச்சிரைப்பாக நிரந்தரமாகத் தங்கிவிடும். தொட்டி, அகப்பை எதையும் திரும்ப அடுக்களைக்குள் கொண்டுபோகாதீர்கள். இதில் மட்டும் நான் சமரசமே செய்வதில்லை.

நீலத்தின் மேல் மஞ்சள் கரைத்துப் போட்டதும் வந்தது பாருங்கள் ஒரு பச்சை! வாழைக் குருத்து மாதிரி. தெருவே பார்த்தது. ஊர்வலத்தன்று காலை எட்டு மணிக்குப் பச்சை மயிலாகப் புறப்பட்டான். பகல் ஒரு மணிக்கு வரும்போது தோளும் முதுகும் நீலம், அக்குளிலும் பாவாடை மடிப்புக்குள்ளும் மட்டும் பச்சை. மஞ்சளுக்கு வெயில் ஆகவே ஆகாது. பர்மா மயில் அனோரதா சாலையைத் தாண்டுவதற்குள் இந்தியா போய்விட்டது என்று தம்பி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறான்.

அதோடு விட்டதா? வீட்டுக்கு வந்ததும் தம்பி பெண்டாட்டி சவுக்காரம் போட்டு ஊறவைத்துவிட்டாள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ஆரத்தி சிவப்பாகிறதே, அதே கதைதான். சவுக்காரக் காரத்தில் மிச்சமிருந்த மஞ்சளெல்லாம் சிவந்து, நீலத்தோடு சேர்ந்து அழுகிய கத்தரிக்காய் நிறமாயிற்று. எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் போட்டதும் பழையபடி திரும்பியது. ஆனால் எட்டு எலுமிச்சை ஆயிற்று. அடுக்களை மஞ்சள் ஆரத்திக்கும் குழம்புக்கும்தான். ஆட்ட உடுப்புக்கு வேண்டாம்.

அந்த மழைக்காலம் எலுமிச்சை மஞ்சள் சாய டப்பா வந்து சேர்ந்தது. உடுப்பை மாடியில் நாலு நாள் வெயிலில் போட்டு மிச்ச மஞ்சளை வெளுக்க விட்டு, தைத்தபடியே மறுபடி தொட்டியில் இறக்கினேன். முன்பே ஒரு துண்டுத் துணியில் இரண்டையும் கலந்து பார்த்திருந்தேன். மஞ்சள் முந்திக்கொண்டு ஏறிவிடுகிறது, நீலம் ஆடி அசைந்து வருகிறது, பாதியில் எடுத்தால் கிளிப்பச்சை. நீலம் முதலில், அதன் மேல் மஞ்சள், இதுதான் ஒழுங்கு. இரண்டு வருஷமாக அந்தப் பச்சை நிற்கிறது.

தையல் பக்கம் வருகிறேன். பாட்டியின் கால் மெஷின்தான். கரண்டை நம்பிய தையல்காரிகள் இந்தச் சில வருஷங்களில் பட்ட பாடு ஊருக்கே தெரியும். நான் மட்டும் ஜன்னலோரம் நகர்த்திப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தேன். ஐந்து மடிப்பு சேருகிற இடுப்புப் பட்டியில் 16ஆம் நம்பர் ஊசி, சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். அவசரப்பட்டு மிதித்ததில் இரண்டு ஊசி ஒடிந்தது.

ஒரே ஒரு புத்திகெட்ட வேலை செய்தேன். மேல்சட்டையை வெள்ளைத் துணியிலேயே தைத்துவிட்டு, பிறகு சாயத்தில் போட்டேன். துணி ஏறியது, நூல் ஏறவில்லை. பாலியெஸ்டர் நூல், இந்தச் சாயத்தைத் தொடவே தொடாது. நெஞ்சுக்கு நடுவில் நெல்லைக் கோத்த மாதிரி வெள்ளைக் கோடு. பருத்தி நூலில் தைத்திருந்தால் சாயம் பிடித்திருக்கும், ஆனால் வியர்வையில் சீக்கிரம் இற்றுப்போகும், ஆடுகிற பிள்ளைக்கு அக்குள் கிழிந்து நிற்கும். அதனால் துணிக்கு முதலில் சாயம், பிறகு அதே நிற பாலியெஸ்டர் நூலில் தையல் என்று பாவாடைக்கு மாற்றிக்கொண்டேன். மேல்சட்டையின் வெள்ளைக் கோட்டை மறைக்க அதன் மேலேயே பச்சை நூலில் சங்கிலித் தையல் வளைவு வளைவாகப் போட்டேன். பார்த்தவர்களெல்லாம் “செதில் வேலைப்பாடு பிரமாதம்” என்றார்கள். ஆமாம் என்று சொல்லிக்கொண்டேன்.

தோகைக்கு இறகு கிடையாது. இந்தியாவிலிருந்து மயிலிறகு ஏற்றுமதிக்கே தடை. பச்சை மயிலிடம் கேட்கவும் மனசில்லை. பிரம்புச் சட்டத்தில் சாயத் துணிக் கண்களை ஒட்டித் தைத்தேன். கண்களுக்கென்று ஒரு கடையில் “சுத்தப் பருத்தி” என்று கொடுத்த துணி தொட்டியிலிருந்து எப்படிப் போயிற்றோ அப்படியே வந்தது. நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், இது உருகி மிளகு மிளகாகக் கெட்டித்தது. முழுக்கச் செயற்கை நூல். இப்போதெல்லாம் பையில் தீப்பெட்டி இல்லாமல் துணி வாங்கப் போவதில்லை. கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

சாயம் ஒட்டுகிறதா என்று கேட்பவர்களுக்கு: முதல் வருஷம் ஒட்டியது, என் தப்பினால். சாயம் போட்ட பிறகு தண்ணீரில் மூன்று தடவை அலசிவிட்டு முடிந்தது என்று நினைத்தேன். தவில்காரர் வேட்டியில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்தது. பிணையாமல் துணியில் தங்கிய சாயம் வெந்நீரில்தான் வெளியேறும். முதலில் பச்சைத் தண்ணீரில் உப்பும் சோடாவும் போக அலச வேண்டும், பிறகு கொதிக்கக் கொதிக்க சோப்புத் தண்ணீர், தெளியும் வரை. எனக்கு ஏழு தண்ணீர் ஆயிற்று. அதற்கப்புறம் இன்று வரை யார் வேட்டியிலும் படவில்லை. தவில்காரருக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தேன்.

இந்தத் தை மாதம் உடுப்பைப் பிரித்தேன். பன்னிரண்டு வயதில் தைத்தது, இப்போது பதினைந்து, தோள் விரிந்துவிட்டது. பக்கவாட்டில் உள்ளே ஒன்றரை அங்குலம் விட்டு வைத்திருந்தேன். தையலைப் பிரித்து விரித்ததும் நடுவில் ஒரு பட்டை. வெயிலே படாத, மூன்று வருஷத்துக்கு முந்தைய துணி. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உள்ளே நல்ல இலைப்பச்சை, வெளியே நீலம் ஒரு சாயல் கூடிய பச்சை. மஞ்சள் பங்கைக் கொஞ்சம் வெயில் தின்றிருக்கிறது. நீலம் அசையவில்லை. கழுத்துப் பட்டியில், வியர்வையும், இங்கே முகத்தில் பூசுகிற தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்தும் ஊறிய இடத்தில் மட்டும் நல்ல வெளுப்பு. பாவாடையில் வித்தியாசத்தை எனக்கே ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய சாமான்களில் இடுப்பு எலாஸ்டிக்கை இரண்டு தடவை மாற்றியாயிற்று, ஜரிகை முதல் வருஷமே கறுத்தது, பசையில் ஒட்டிய சமிக்கி எல்லாம் தெருவில்.

அந்தப் பட்டையை மறைக்கவில்லை. விலாவில் இரண்டு பச்சைக் கோடாக அப்படியே விட்டுத் தைத்துக் கொடுத்தேன். பையனுக்குப் பிடித்திருக்கிறது.

டப்பாவில் இன்னும் பாதிச் சாயம் மிச்சம். ஈரம் படாமல் இறுக்கி மூடி வைத்தாலும் ஒன்றிரண்டு வருஷத்திலேயே பொடியின் வீரியம் குறையத் தொடங்கிவிடும், அதனால் இனியும் வைக்காமல் தீர்க்க வேண்டும் என்று பையனின் தங்கையைக் கூப்பிட்டு அளவெடுத்தேன். ஏழு வயது. அடுத்த வருஷம் அவளும் ஆடப்போகிறாளாம். என்ன நிறம் வேண்டும், பச்சையா நீலமா என்றேன். அவள் யோசிக்கவே இல்லை.

“வெள்ளை மயில், அத்தை.”

சொட்டு நீலம் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன்.