உகாண்டா ஊரடங்கில் வீடு தேடி வந்த இலவசக் கொசுவலை: என் மதிப்பெண்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலைக்கு 5க்கு 4. அதைக் கொண்டுவந்து கொடுத்த விதத்துக்கு 5க்கு 5. காய்ச்சல் வந்தவர்களுக்கு அந்தச் சமயத்தில் கிடைத்த சேவைக்கு 2க்கு மேல் போட மனசு வரவில்லை.

நான் வேலை பார்த்தது ஜிஞ்சா பக்கம், நைல் ஆறு விக்டோரியா ஏரியிலிருந்து புறப்படுகிற ஊர். மலேரியாவுக்குப் பேர்போன பகுதி. உகாண்டாவில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கம் நாடு முழுக்க இலவசமாகக் கொசுவலை கொடுக்கும், அடுத்த முறை 2020இல் வந்தது. மார்ச் 21ஆம் தேதி நாட்டில் முதல் கொரோனா நோயாளி, அதற்குச் சில நாளிலேயே பஸ், டாக்ஸி எல்லாம் நிறுத்தம், போடாபோடா என்கிற பைக் டாக்ஸிகூட ஆளை ஏற்றக்கூடாது, சரக்கு மட்டும்தான், அப்புறம் சொந்தக் காருக்கும் தடை, மாலை ஏழு மணிக்கு மேல் யாரும் வெளியே வரக்கூடாது. இந்த நிலைமையில் யார் வந்து வலை கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் நினைத்தோம்.

ஆனால் அரசாங்கம் விநியோகத்தைத் தள்ளிப்போடவில்லை. இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 2014இல் கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாட்டிலும் எபோலா வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகவே ஜனங்கள் பயந்து, கவனிக்கப்படாத மலேரியாவால் இறந்தவர்கள் ஏராளம். அந்தப் பாடம் இருந்ததால் 2020 ஏப்ரலிலேயே உலக சுகாதார நிறுவனம் கணக்குப் போட்டு எச்சரித்தது: வலை விநியோகம் மொத்தமாக நின்று, மருந்து கிடைப்பதும் முக்கால்வாசி குறைந்தால், சஹாராவுக்குத் தெற்கே அந்த ஒரே வருஷத்தில் 7,69,000 பேர் வரை மலேரியாவில் இறக்கலாம், 2018ஐப் போல இரண்டு மடங்கு. உகாண்டா 2020 நடுவில் தொடங்கி 2021 தொடக்கம் வரை மாவட்டம் மாவட்டமாக இரண்டரைக் கோடிக்கும் மேல் வலைகளைக் கொடுத்து முடித்தது.

முன்பெல்லாம் ஒரு பொது இடத்தில் கூட்டம் கூட்டி, வரிசையில் நிற்கவைத்துக் கொடுப்பார்களாம். இந்த முறை வாசலுக்கே வந்தார்கள். எங்கள் பகுதிக்கு வந்தது கிராம சுகாதாரக் குழுவைச் சேர்ந்த ஒரு அம்மா. முகக்கவசம், கையில் ஒரு பேரேடு. வீட்டுக்குள் வரவில்லை, திண்ணையிலிருந்து நாலடி தள்ளி நின்று, "எத்தனை பேர் தூங்குவீர்கள், செபோ?" என்று கேட்டார் (ஆண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்). இரண்டு பேருக்கு ஒரு வலை என்பது கணக்கு, ஒற்றைப்படையில் வந்தால் ஒன்று கூடுதல். கையெழுத்துக்குக்கூட என் பேனாவையே எடுத்துவரச் சொன்னார். வலையைத் திண்ணையில் வைத்துவிட்டு நகர்ந்து, உடனே கட்டாதே, ஒரு நாள் நிழலில் விரித்துப் போடு, வெயிலில் போடாதே, துவைத்தால் சாதா சோப்பு போதும் என்று இரண்டு தடவை சொன்னார். இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, தன்னார்வலர்கள். இந்தத் திட்டத்தில் நான் பார்த்ததிலேயே சிறந்த விஷயம் அந்த அம்மாதான், வலை இல்லை.

சரி, வலைக்கு வருவோம். எங்களுக்கு வந்தது சாதாரண வலை இல்லை, பிபிஓ என்கிற துணை மருந்து சேர்த்தது. ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசுக்கள் வலையில் தடவும் பைரித்ராய்டு மருந்துக்குப் பல இடங்களில் பழகிவிட்டன. அவற்றின் உடம்பில் இருக்கும் சில நொதிகள் மருந்தைச் சிதைத்துவிடும். பிபிஓ அந்த நொதிகளை முடக்கும், அதனால் பழைய மருந்து மறுபடி வேலை செய்யும். இது விளம்பர வாசகம் இல்லை, உகாண்டாவிலேயே 2017இல் நடந்த பெரிய விநியோகத்தைச் சோதனையாக வைத்து, சில பகுதிக்கு பிபிஓ வலை, சில பகுதிக்குச் சாதா வலை என்று கொடுத்துக் குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் பிபிஓ வலை கிடைத்த பக்கம் மலேரியாக் கிருமி கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. 18 மாதத்தில் அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது.

நான் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது அதனால்தான். மூன்று வருஷம் உழைக்க வேண்டிய பொருள், கடைசி வருஷம் வரும்போது பலம் குறைந்துதான் இருக்கும். துணியும் அப்படித்தான், மெத்தைக்கடியில் செருகுகிற கீழ் ஓரம்தான் முதலில் கிழியும், மரக்கட்டிலின் முனையில் மாட்டிச் சின்ன ஓட்டை விழுந்தால் வாரத்தில் அது விரல் நுழைகிற அளவு. நாலு மூலையிலும் கயிறு கட்ட வேண்டிய செவ்வக வலை வேறு. சிமென்ட் சுவரில் ஆணி இறங்காது, வட்டக் குடிசையில் மூலையே கிடையாது. பக்கத்து வீட்டில் நாலு குழந்தைகள் ஒரே பாயில் படுப்பார்கள், ஓரத்தில் படுத்தவனின் கை விடியும்போது வலையோடு ஒட்டிக் கிடக்கும். முதல் இரண்டு மூன்று நாள் முகத்தில் லேசான எரிச்சல் இருந்தது, தானாகவே போய்விட்டது.

இன்னொன்று, வலையால் மட்டும் முடிகிற காரியம் இல்லை இது. கிழக்கே டொரோரோ பக்கம் வருஷக்கணக்காக வீட்டுச் சுவரில் மருந்தடித்து மலேரியாவை நன்றாகவே இறக்கியிருந்தார்கள். 2020 வாக்கில் மருந்தை மாற்றிய பிறகு, புது வலை கொடுத்தும், நோய் பழைய அளவுக்கே ஏறிவிட்டது.

இப்போது அந்த 2 மதிப்பெண் விஷயம். மலேரியாவில் விதி ஒன்றே ஒன்று: காய்ச்சல் வந்தால் 24 மணி நேரத்துக்குள் பரிசோதனை, மாத்திரை. கொரோனாவின் ஆரம்பத்தில் பல நாடுகளில் சொன்னது நேர் எதிர்: லேசான காய்ச்சலா, வீட்டிலேயே இரு. என்னோடு வேலை பார்த்தவரின் மகளுக்கு மாலையில் குளிர்க்காய்ச்சல். போக வண்டி இல்லை, ஏழு மணி தாண்டிவிட்டது, விடிந்து தோளில் தூக்கிக்கொண்டு போனால் அருகிலிருந்த கிளினிக்கில் காய்ச்சல் என்றதும் வாசலிலேயே நிறுத்தினார்கள். விரலில் குத்திப் பார்க்கும் மலேரியா கிட்டும் தீர்ந்துபோயிருந்தது. கடைசியில் கிட்டும் கோஆர்டெம் என்கிற மலேரியா மாத்திரையும் வைத்திருந்தது அதே சுகாதாரக் குழு அம்மாதான். அந்தச் சிறுமி பிழைத்தாள். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஃபால்சிபாரம் என்கிற ஆபத்தான வகை மலேரியாவில் ஒரு ராத்திரி தாமதம் என்பது சின்ன விஷயமே இல்லை, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

உலகம் முழுக்க 2020இல் மலேரியா மரணம் 6,27,000 என்று மறு வருஷ அறிக்கை சொன்னது, 2019ஐவிட 69,000 கூடுதல். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 47,000, கொரோனா காலத்தில் தடுப்பும் பரிசோதனையும் சிகிச்சையும் தடைப்பட்டதால் வந்தது. ஏப்ரலில் பயந்த அளவுக்குப் போகவில்லை என்பதற்கு வலைகள் வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு காரணம். அதே அக்கறையைக் காய்ச்சல்காரர்களுக்கும் காட்டியிருக்கலாம்: கிராமத்துத் தன்னார்வலர் கையில் கிட்டும் மாத்திரையும் தீராமல் பார்த்துக்கொண்டு, அவர்களுக்கு ஒரு சம்பளமும் கொடுத்திருந்தால் போதும்.

அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு: கிளம்புவதற்கு முன்பே மலேரியா தடுப்பு மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நைலான் கயிறும் ஒட்டுகிற கொக்கியும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், வலை இலவசமாக வந்தாலும், அதைக் கட்ட இவை கூடவே வராது. கிழிந்தால் அன்றைக்கே தைத்துவிடுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன் என்று முதலில் அதைச் சொல்லுங்கள்.