கேபுரோப்ஸுடன் ஆறு வருஷம்: "இந்த டிராப் என்னுடையதா?"

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் எட்டிப் பார்க்க ஆறு வருஷமாக நான் நம்பியிருப்பது கேபுரோப்ஸைத்தான்; ஓடும் கெர்னலில் நாம் சொல்லும் இடத்தில் ஒரு கண்காணிப்பை, அதாவது புரோப்பை, வைக்கும் கருவி. 2004-இல் 2.6.9 பதிப்போடு கெர்னலுக்குள் வந்த வசதி. ரீபூட் வேண்டாம், மறுபடி கம்பைல் பண்ண வேண்டாம். ஃபங்ஷன் பெயரைக் கொடுத்தால் போதும். எக்ஸ்86 சிபியுக்களில் அதன் அடிப்படை முறை இது: அந்த இடத்தின் முதல் பைட்டை எடுத்துவிட்டு 'சிசி' என்ற பைட்டை வைக்கிறது; அதுதான் 'இங்கே நில்' என்னும் இன்ட்3 கட்டளை. சிபியு அதை மிதித்ததும் டிராப், அதாவது ஓட்டம் நின்று கெர்னலிடம் போகும்; பிறகு நம் ஹேண்ட்லர், அதாவது அப்போது ஓட நாம் எழுதிவைத்த ஃபங்ஷன்.

ஆனால் வந்த டிராப் தன்னுடையதுதானா என்று அது விசாரிக்கும் அருமை, நானே ஒரு ஹேண்ட்லர் எழுதிச் சூடுபட்ட பிறகுதான் புரிந்தது. மூன்றாம் வருஷம் ஒரு கெர்னல் மாட்யூலில் டை நோட்டிஃபையர் (டிராப் வந்தால் கெர்னல் கூப்பிடும் ஃபங்ஷன்) பதிந்து, எந்த இன்ட்3 வந்தாலும் நோட்டிஃபை ஸ்டாப், அதாவது 'நான் பார்த்துக்கொண்டேன், வேறு யாருக்கும் சொல்லாதே' என்ற பதிலைத் திருப்பி அனுப்பினேன். அதே டெஸ்ட் மெஷினில் வேலை செய்த தம்பி மத்தியானம் வந்தான். "அண்ணே, ஜிடிபில பிரேக்பாயிண்ட் போட்டா நிக்கவே மாட்டேங்குது, நேரா செக்ஃபால்ட் ஆகுது." ஜிடிபி என்ற டீபக்கர் வழியாக யூசர் ஸ்பேஸில், அதாவது கெர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண புரோகிராமில், அவன் வைத்த இன்ட்3-ஐயும் நான் விழுங்கியிருந்தேன். பிரேக்பாயிண்டைச் சொல்லும் சிக்டிராப் சிக்னல் ஜிடிபிக்குப் போகவே இல்லை. சிபியு சிசியைத் தாண்டி, பாதிக் கட்டளையிலிருந்து ஓடியிருக்கிறது; அதனால்தான் செக்ஃபால்ட், அதாவது நினைவகப் பிழையில் புரோகிராம் செத்தது. திருத்தம் ஒரே வரி: யூசர் மோடிலிருந்து வந்ததென்றால் தொடாதே. எந்த மோடிலிருந்து வந்தது என்பதற்கு, சிபியுவின் சிஎஸ் ரெஜிஸ்டரின் கடைசி 2 பிட்டில் பதில் இருக்கிறது.

வெட்கத்தோடு கேபுரோப்ஸ் ஹேண்ட்லரின் கோடைத் திறந்தால், முதல் சோதனையே அதுதான். அடுத்து ஐபியில் (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி) 1 கழித்து, அந்த முகவரியில் புரோப் உண்டா என்று ஹேஷ் டேபிள் என்னும் தன் பட்டியலில் தேடுகிறது. இல்லையென்றாலும், நான் அன்று பார்த்த பதிப்பில் உடனே கைவிடவில்லை; அங்கே இன்னும் சிசிதான் இருக்கிறதா என்று பார்த்தது. சிசி இல்லையென்றால், நாம் மிதித்த கணத்தில் வேறொரு சிபியு அதை நீக்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டது. ஐபியை ஒரு பைட் பின்னுக்குத் தள்ளி அசல் கட்டளையை ஓடவிட்டது. சிசி இருந்தால், வேறு யாருடையதோ, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்த நீக்கும் நேரத்துச் சிக்கல் எனக்குத் தோன்றியே இருக்காது.

ஆர்ம்64 என்ற இன்னொரு வகை சிபியுவில் இவ்வளவு அல்லாட்டம் இல்லை. அங்கே இன்ட்3-க்குப் பதிலான பிஆர்கே கட்டளையே ஒரு எண்ணைச் சுமந்து வரும். 4 என்றால் கேபுரோப்ஸ், கெர்னல் டீபக்கரான கேஜிடிபிக்கு வேறு எண்.

குறைகளும் உண்டு. புரோப் வைக்கக் கூடாது என்ற தடைப்பட்டியலில் உள்ள ஃபங்ஷனைக் கேட்டால் வெறும் இன்வேலிட் பிழைதான் வரும், காரணம் வராது. ஹேண்ட்லர் ஓடும்போதே இன்னொரு புரோப்பை மிதித்தால் அதன் ஹேண்ட்லர் ஓடாது, சத்தமும் வராது. ஹிட் எண்ணிக்கை இடிக்கிறதே என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கேபுரோப் புரொஃபைல் ஃபைலின் கடைசி நெடுவரிசையில் 'மிஸ்டு', அதாவது தவறவிட்டவற்றின் கணக்கு, அப்படியே இருந்தது.